துண்டுக்குள் சதுரம்

முத்துசெல்வி கடைந்த சதுரக் கிண்ணத்தின் நான்கு மூலைகளும் கண்ணுக்குத் தெரியாமல் போன அன்று கடைசல் பட்டறையில் ஆறு பேர் இருந்தார்கள். லேத்துக்கு முன்னால் நின்றது முத்துசெல்வி. அவளுக்கு வலப்பக்கம், பட்டறையில் இருந்த ஒரே நாற்காலியில், மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆறுமுகசாமி. அந்த நாற்காலியின் பின்கால் ஒன்று கட்டுக்கம்பியில்தான் நின்றுகொண்டிருந்தது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதனால் நிம்மதியாகவே உட்கார்ந்திருந்தார். இடப்பக்கம் பூவரசங்கட்டை மேல் பெண்ணின் அப்பா சுந்தரபாண்டி. கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளி மேல் அம்மா கிருஷ்ணவேணி. சுவிட்சுப் பலகைப் பக்கத்தில், உட்கார இடம் இருந்தும் உட்காராமல், மாப்பிள்ளை யோகராஜ். வாசலை ஒட்டி, மரச்சுருள் அடைத்த சாக்கு மூட்டை மேல், பெண் வீட்டாருக்குத் தூரத்துச் சொந்தமும் தெருவில் யாருக்கு மனு, கடிதம் என்றாலும் எழுதிக் கொடுப்பவருமான மந்திரமூர்த்தி. சுருள் மூட்டை உட்கார மெத்தென்று இருக்கும். அரிப்பு எழுந்த பிறகுதான் தெரியும். அவர் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதும் கேள்விக்கு முழு மார்க்கும் வடிவக் கணக்கில் அதற்கு நேர் மாறாகவும் வாங்கியவர் என்பதால், இந்த விவகாரத்துக்குச் சாட்சியாக அவரைவிடப் பொருத்தமில்லாத ஆள் கோவில்பட்டியில் கிடைத்திருக்க மாட்டார்.

பட்டறை சுந்தரபாண்டியினுடையது. கட்டில் கால், பம்பரம், மோர் கடைகிற மத்து, தொட்டில் கம்பு என்று உருண்டையாக இருக்கிற எதையும் அவர் கடைந்து கொடுப்பார். உருண்டையாக இல்லாத எதையும் பார்த்து அது கடைசலுக்கு லாயக்கில்லை என்று சொல்லிவிடுவார். மகள் ஐடிஐயில் டர்னர் படித்து, கொஞ்ச காலம் இரும்பு லேத்தில் வேலை பார்த்துவிட்டு, மரத்துக்கே திரும்பி வந்தாள். இரும்புச் சுருள் காலில் குத்துகிறது, மரச்சுருள் குத்தவில்லை என்பதுதான் அவள் சொன்ன காரணம். வந்ததும் அப்பாவின் பழைய மிஷினை ஓரங்கட்டிவிட்டு, தீப்பெட்டி ஆலையில் கழித்துப் போட்ட மோட்டார் ஒன்றையும் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய மற்றதையும் சேர்த்துத் தனக்கென்று ஒரு லேத்து பூட்டிக்கொண்டாள். அதில் அவள் கடைந்த கிண்ணங்கள் போன் வழியாகவே பெங்களூருக்கும் சென்னைக்கும் போயின. அந்த லேத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. கரண்ட் போனாலும் கையில் இருக்கும் வேலை முடிகிற வரை சுற்றும். மீட்டர் பார்க்க வந்தவரிடம் சுந்தரபாண்டி இதைப் பெருமையாகச் சொல்ல, அவர் மீட்டரைப் பார்த்தார், லேத்தைப் பார்த்தார், ரீடிங்கை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வாரம் மார்க்கெட்டில் உளுந்து விலை இறங்கியிருந்தது. தெருவில் அதைப் பற்றித்தான் பேச்சாக இருந்தது.

யோகராஜுக்குக் கயத்தாறு. அங்கே காற்றாலையில் மேலே ஏறிப் பழுது பார்க்கிற வேலை. ஒரு தடவை சுத்தியலுக்குப் பிடி போட வந்தவன், அதன் பிறகு வாரம் தவறாமல் அதே சுத்தியலோடு வந்தான். ஒரே சுத்தியல் அந்த வருஷம் மட்டும் எத்தனை பிடிகளைத் தின்றது என்று யாரும் எண்ணவில்லை. கிருஷ்ணவேணி மட்டும், "அந்தப் பையன் காத்தாடியில வேலை பாக்கானா, கல்லுக் குவாரியில வேலை பாக்கானா?" என்று கேட்டாள்.  முத்துசெல்வி அடுத்த பிடியைப் புளியங்கட்டையில் போட்டுக் கொடுத்தாள், புளியம்பிடி லேசில் உடையாது. யோகராஜ் அதையும் உடைத்துக்கொண்டு வந்தபோது இரண்டு வீட்டுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

யோகராஜுக்கு அப்பா இல்லை, வளர்த்தது தாய்மாமன் ஆறுமுகசாமி. மாட்டுத் தரகு பார்க்கிறவர். சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் கிடையாது. தோளில் கிடக்கும் துண்டை விரித்து, அதற்குள் இரண்டு பேர் கையை விட்டு, விரலைப் பிடித்தால் விலை, அழுத்தினால் முடிவு. சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். துண்டுக்குள் அழுத்திய பேச்சிலிருந்து ஆறுமுகசாமி ஒரு நாளும் பின்வாங்கியதில்லை. ஒருமுறை விரலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது தும்மல் வந்து, தும்மின வேகத்தில் விரல் அழுந்திவிட்டது. விற்க வந்தவன், "வியாபாரம் முடிஞ்சுது" என்றான். அது இரண்டு கண்ணும் தெரியாத காளை. அவர் மறுபேச்சுப் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்து, காளையை வீட்டுக்கு ஓட்டிவந்து, அது தன் ஆயுசு முடிந்து சாகிற வரை தீவனம் போட்டார். ஊரில் சிரிக்காதவர்கள் இல்லை. "தும்முனது நான்தானே, மாடா தும்முச்சு?" என்பது மட்டும்தான் அவர் சொன்ன பதில்.

பெண் பார்க்க வந்த இடத்தில் அவருக்குப் பெண் பிடித்திருந்தது, பெண்ணின் அம்மா போட்ட காப்பியும் பிடித்திருந்தது. சீர்வரிசைப் பேச்சு வந்தபோது முத்துசெல்வி உள்ளேயிருந்து வந்து, பீரோ வேண்டாம், கட்டில் வேண்டாம், தன்னோடு லேத்து வரும் என்றாள்.

"மிஷினா?" என்றார் ஆறுமுகசாமி.

"ஆமா மாமா."

"வீட்டுக்கு வாற மருமக பீரோ கொண்டு வருவா, மிக்சி கொண்டு வருவா. ஒரு வண்டி இரும்பை யாரும்மா கொண்டு வருவா? மாட்டுத் தொழுவத்துல கெடந்து ராத்திரி பகலா உறுமவா?"

"லேத்து வரலைன்னா நானும் வரலை மாமா."

இப்படிச் சொன்னவளை அதட்ட வேண்டியது பெண்ணின் அப்பாதான். சுந்தரபாண்டி தொண்டையைச் செருமினார். செருமலோடு நின்றுவிட்டது. ஆறுமுகசாமி கோபப்படவில்லை, தரகர்கள் கோபப்படுவதில்லை. லேத்து என்பது உருட்டுகிற மிஷின் என்றும், உருண்டையைத் தவிர அதிலிருந்து வேறொன்றும் வந்து தான் கண்டதில்லை என்றும், ஒரு வீட்டுக்கு எத்தனை பம்பரம்தான் வேண்டும் என்றும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பிறகு கல்யாணத்தையும் லேத்தையும் ஒரே முடிச்சாகப் போட்டார். "அந்த மிஷின்ல ஒரு சதுரப் பாத்திரம் கடைஞ்சு காட்டு. அதுலதான் நிச்சயத்துக்கு வெத்தலை பாக்கு வச்சுத் தட்டு மாத்துவோம். நானே வண்டி பிடிச்சு லேத்தை ஏத்திட்டுப் போறேன். சதுரம் வரலைன்னா மிஷினை வித்துப்போடணும். அதுக்கு நீ சம்மதிக்கலைன்னா, பேச்சை இதோட விட்டிருவோம்."

யோகராஜ் மாமாவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"எத்தனை மூலை வேணும் மாமா?" என்றாள் முத்துசெல்வி.

"சதுரத்துக்கு எத்தனை உண்டோ அத்தனை."

லேத்தில் சதுரம் கடைய முடியும் என்பது அந்தக் கணம் வரை சுந்தரபாண்டிக்கும் தெரியாது. ஆனாலும் சம்பந்தி வீட்டார் முன்னால் விட்டுக்கொடுக்க மனம் வராமல், "அதெல்லாம் இங்கன அன்றாடம் செய்யுததுதான்" என்று சொல்லிவைத்தார். அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை என்பதைக் கிருஷ்ணவேணி பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள்.

விஷயம் உண்மையில் அப்படியொன்றும் மாயம் இல்லை. சதுரப் பலகையை நடுவில் பிடித்துச் சுற்றவிட்டால் நடுவில் வட்டம் தெரியும். அதைச் சுற்றி மூலைகள் இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒரு நிழல் மட்டும் நிற்கும். சுற்றுகிற ஃபேனைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்தப் புகைக்குள் உளியைக் கொடுத்துத்தான் கடைய வேண்டும். உளிக்கு ஒரு நேரம் மரம் அகப்படும், ஒரு நேரம் வெறும் காற்று. டக்டக்டக் என்று சத்தம் வரும். கை ஒரு விரக்கடை முன்னால் போனால் மூலை வந்து விரல் முட்டியைப் பெயர்த்துவிடும். முத்துசெல்வியின் இடது கட்டைவிரலில் அப்படியொரு தழும்பு உண்டு. சுற்றி முடித்து மிஷின் நின்றதும் புகை நாலாகப் பிரிந்து மூலைகள் திரும்பி வந்துவிடும். எப்போதும் வந்திருக்கின்றன. அவள் ரகசியமாகப் பழகிப் பார்த்தபோதெல்லாம் வந்தன.

குறித்த நாளில் மேலே சொன்ன ஆறு பேரும் மேலே சொன்ன இடங்களில் உட்கார்ந்தார்கள். முத்துசெல்வி நல்ல பூவரசம்பலகை ஒன்றை மாட்டினாள். மூலைகளின் நிழல் தெளிவாகத் தெரிவதற்காக, அப்பா சபரிமலைக்குக் கட்டிப்போகிற கருப்பு வேட்டியை லேத்துக்குப் பின்னால் தொங்கவிட்டாள். பக்கத்தில் ஒரு குண்டு பல்பு. மரம் மெலிய மெலிய வெளிச்சம் அதற்குள் ஊடுருவி வரும், கனம் எங்கே கூட எங்கே குறைய என்று அதை வைத்துத்தான் அவள் கண்டுகொள்வாள். யோகராஜ் சுவிட்சைப் போட்டான். மூலைகள் மறைந்தன. ஆறுமுகசாமி, "பாத்தியளா, உருண்டை" என்றார். "நிக்கட்டும் மாமா, நின்ன பெறகு பாருங்க" என்றாள் அவள்.

அரை மணியில் கிண்ணம் அப்பளக் கனத்துக்கு வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. வேலை செய்கிற ஆளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. வெல்டிங் வைப்பவனுக்கு வழி சொல்வோம், கிணறு வெட்டுகிறவனுக்கு மேலே நின்று ஆழம் சொல்வோம், லாரி பின்னால் வருகிறதென்றால் சம்பந்தமே இல்லாத நாலு பேர் இறங்கி, வா வா என்று கையாட்டுவோம். முதலில் சுந்தரபாண்டி, "அந்த ஓரம் லேசா கனக்கு, இன்னும் ஒரு சீவு" என்றார். அவள் சீவினாள். கிண்ணம் வெற்றிலைக் கனத்துக்கு வந்தது. கிருஷ்ணவேணி, "எதுக்குங்கேன், பாக்கதுக்கு நைசா இருந்தாத்தானே நமக்கு மரியாதை? இன்னும் கொஞ்சம் எடேன்" என்றாள். எடுத்தாள். ஆறுமுகசாமி, தன் கட்சிக்கே பாதகம் என்பதையும் மறந்து, "இந்தப் பக்கம் வெளிச்சம் மங்கலா வருதே" என்று விரலை நீட்டினார். அங்கேயும் எடுத்தாள். வெங்காயத் தோல் கனம். வாசலோரம் உட்கார்ந்திருந்த மந்திரமூர்த்திக்கு அங்கிருந்து கிண்ணமே சரியாகத் தெரியாது. இருந்தாலும் எல்லோரும் சொல்லியாயிற்று, தான் ஒன்றும் சொல்லவில்லை என்று இருக்கக் கூடாது என்பதற்காக, "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றார். முத்துசெல்வி பல்லைக் கடித்துக்கொண்டு உளியை ஒரே ஒரு தடவை ஓட்டினாள். டக்டக் சத்தம் அடங்கி, பட்டுப் புடவையை மடிப்பது மாதிரி ஒரு ஓசை வந்தது. பிறகு அதுவும் இல்லை. "போதும், அணைங்க" என்றாள்.

யோகராஜ் சுவிட்சை அணைத்தான். லேத்து தன் வழக்கப்படி கொஞ்ச நேரம் தாமதித்துச் சுற்றிவிட்டு நின்றது. மூலைகளின் புகை பிரியவில்லை. மெலிந்தது, மெலிந்து கருப்பு வேட்டியின் கருப்போடு கலந்தது, காணாமல் போயிற்று. மிஷினில் அழகான, மெல்லிய, உருண்டையான பூவரசங்கிண்ணம் ஒன்று இருந்தது.

 ஆறுமுகசாமிதான் முதலில் வாய் திறந்தார். கேலியாகச் சொல்லவில்லை, மனசாரவே சொன்னார். "நல்லாருக்கும்மா. உருண்டையா, லட்சணமா இருக்கு."

அதைவிட அவர் திட்டியிருக்கலாம். முத்துசெல்வி கிண்ணத்தைக் கழற்றக் கையைக் கொண்டுபோனாள். ஒன்றுமில்லாத இடத்தில் கை எதிலோ இடித்தது. தடவினாள்.  "மூலை இருக்கு மாமா."

"எங்கன?"

"இங்கன. நாலும் இருக்கு. கண்ணுக்குத்தான் தெரியலை."

ஆறுமுகசாமி பார்த்தபோது, ஒரு பெண்பிள்ளை உருண்டைக் கிண்ணத்துக்கு வெளியே காற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். அதற்குள் ஈ ஒன்று வந்து கிண்ணத்துக்கு அரை சாண் தள்ளி அந்தரத்தில் உட்கார்ந்து, முன்கால்களைத் தேய்த்துக்கொண்டது. சுந்தரபாண்டி அதைச் சுட்டிக்காட்டினார். "ஈ எங்கயும் உக்காரும்" என்றார் ஆறுமுகசாமி. சுந்தரபாண்டி விடவில்லை. லேத்துக்குத் திருஷ்டிக்காகக் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தைப் பறித்து, மகள் காட்டின இடத்தில் வைத்தார். பழம் காற்றில் நின்றது, லேசாக ஆடி, பிறகு அசையாமல் நின்றது.

ஆறுமுகசாமி நாற்காலியை விட்டு எழுந்து வந்து, குனிந்து, அடியிலும் மேலேயும் பார்த்தார். "எலுமிச்சம்பழம் நிக்கி. சரி. சதுரம் எங்க?"

"அண்ணாச்சி, பழம் சும்மாவா நிக்கும்?" என்றார் சுந்தரபாண்டி.

"நான் கேட்டது சதுரம். பழம் அந்தரத்துல நிக்கணும்னு நான் கேக்கவே இல்லையே, சம்பந்தி."

 கிருஷ்ணவேணி, இத்தனை பேர் கண்ணும் ஒரே இடத்தில் பட்டால் மூலை எப்படி இருக்கும், கண்ணு பட்டுப் போச்சு என்றாள். சுந்தரபாண்டி, ஒரு சீவு கூடிப்போச்சு என்றார், அந்த ஒரு சீவைச் சொன்னது யார் என்று வாசல் பக்கம் பார்த்தார். மந்திரமூர்த்தி அந்த நேரம் பார்த்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். யோகராஜ் மட்டும், "இவ்வளவு நேரம் யாரு கண்ணுக்கும் தெரியாமச் சுத்துனதுல அதுகளுக்கு அதுவே பழகிப் போச்சோ என்னமோ" என்றான். காற்றாடி இறக்கைகள் அவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் மெதுவாகத் தெரிந்து சுற்றுகின்றன, இல்லையென்றால் அவையும் இப்படித்தான் போயிருக்கும் என்றும் சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை.

ஆறுமுகசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏலே யோகராசு, வண்டியை எடு."

யோகராஜ் அசையவில்லை. மாமா சொல்லி அவன் அசையாமல் நின்றது அதுதான் முதல் தடவை. அவனுக்கே அது புதிதாக இருந்ததால் முகம் வேர்த்துவிட்டது.

"என்னலே?"

"கால் மரத்துப் போச்சு மாமா."

"ரெண்டுமா?"

"ரெண்டுந்தான்."

மாமா அவன் கால் இரண்டையும் பார்த்தார். பேச்சு முறிந்தால் லேத்து கோவில்பட்டியில் மிஞ்சும், பையன் கயத்தாற்றில் மிஞ்சுவான், சுத்தியலுக்குப் பிடி யாரிடமாவது வாங்கிக்கொள்வான். அது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. முத்துசெல்வி எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டு, கிண்ணத்தை லேத்திலிருந்து கழற்றி இடது கையில் ஏந்தினாள். நேரே ஆறுமுகசாமியிடம் போனாள். வலது கையால் அவர் தோளில் கிடந்த துண்டை உருவினாள்.

தரகர் தோளிலிருந்து துண்டை எடுக்கிற துணிச்சல் சந்தையில் எந்த ஆம்பிளைக்கும் வந்தது கிடையாது. கிருஷ்ணவேணி, "ஏட்டி!" என்றாள். முத்துசெல்வி திரும்பிப் பார்க்கவில்லை. துண்டை விரித்துக் கிண்ணத்தின் மேல் போட்டாள். துண்டு நான்கு பக்கமும் முனை கட்டி விறைப்பாகத் தொங்கியது.

"பாருங்க மாமா."

"துண்டுக்கு நாலு மூலை உண்டு. நெய்யும்போதே உண்டு. அது எனக்குத் தெரியாதாக்கும்?"

"கண்ணால பாக்கச் சொல்லலை. கையை உள்ள விடுங்க. சந்தையில கண்ணை வச்சா வியாபாரம் முடிக்கீங்க? வெரலை வச்சுத்தானே?"

ஆறுமுகசாமி என்ன நினைத்தார் என்பது யாருக்கும் தெரியாது. அவர் கை நினைக்கவில்லை. விரித்த துண்டைப் பார்த்ததும் இத்தனை வருஷப் பழக்கத்தில் அது தானாகவே உள்ளே போய்விட்டது. உடனே அவர் முகம் சந்தை முகமாக மாறியது, எதையும் காட்டாத முகம். கண்ணை எங்கேயோ கூரையில் வைத்துக்கொண்டார். துண்டு அசைந்தது. ஓரம் பிடித்துப் போனது, ஒரு முனையில் நின்றது, திரும்பியது. மறுபடி ஓரம், மறுபடி முனை. மாட்டின் பல்லை எண்ணுகிற மாதிரி நிதானமாகப் போனது. நாலாவது முனையில் கை நின்றபோது முத்துசெல்வி வலது கையையும் துண்டுக்குள் விட்டாள். அவர் விரல்களில் நாலை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தாள். கட்டைவிரலை விட்டுவிட்டாள்.

 மந்திரமூர்த்திக்கு மரத்தூளில் தும்மல் வந்து மூக்கு நுனியில் நின்றது. இந்த மனிதரிடம் தும்மலுக்கு என்ன விலை என்று தெரிந்திருந்ததால், இரண்டு கையாலும் மூக்கை அமுக்கிக்கொண்டார். அந்த நாளில் அவர் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

துண்டு ஒருமுறை இறுகியது. ஆறுமுகசாமி அழுத்திவிட்டார்.

கையை வெளியே எடுத்தார். துண்டை அவரே உருவித் தோளில் போட்டுக்கொண்டார். கிண்ணம் பழையபடி உருண்டையாக இருந்தது. அதை மேலும் கீழும் பார்த்தார். "கண்ணுக்கு உருண்டைதான்" என்றார். "எத்தனை பேர் கேட்டாலும் உருண்டைன்னுதான் சொல்லுவேன்." பிறகு நாற்காலியில் போய் தொப்பென்று உட்கார்ந்தார். கட்டுக்கம்பி தாங்கியது. "ஆனா பேச்சு முடிஞ்சுபோச்சு. மிஷின் எவ்வளவு எடை வரும், சம்பந்தி?"

யோகராஜின் இரண்டு கால்களுக்கும் உணர்வு வந்துவிட்டது. எல்லோருக்கும் டீ வாங்கிவர அவனே போனான்.

நிச்சயதார்த்தம் சொன்ன தேதியில் நடந்தது. தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள் எல்லாம் கிண்ணத்தின் நடுவில் இருந்தன. மூலைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் என்று நான்கு சீப்பும் கிண்ணத்தைச் சுற்றிக் காற்றில் இருந்தன. மண்டபம் நிறைய ஆட்கள். சாம்பாரில் உப்புக் கூட என்று கொஞ்சம் பேர் சொன்னார்கள். பாயசம் கடைசிப் பந்திக்கு வரவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் பக்கம் சின்ன வருத்தம். தட்டு மாற்றும்போது ஒரு அம்மாளின் முந்தானை ஒன்றுமில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டது, அவள் அதை எடுத்துவிட்டுக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தாள். வாழைப்பழத்தைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று சுந்தரபாண்டி வாசலுக்கும் மேடைக்கும் நடந்துகொண்டே இருந்தார். கடைசிவரை ஒரே ஒரு பெரியவர்தான் கேட்டார். அவரும் அது நாட்டுப்பழமா, பச்சைப்பழமா என்றுதான் கேட்டார்.

கல்யாணம் தை மாதம் என்று முடிவாகியிருந்தது. ஆறுமுகசாமி அதுவரை பொறுக்கவில்லை. பேச்சு பேச்சுதான் என்று அடுத்த வாரமே ஒரு குட்டியானை லோடு வண்டி பிடித்து வந்து, பக்கத்தில் நின்று வழி சொல்லிச் சொல்லி லேத்தை ஏற்றிக்கொண்டு போனார். மருமகளுக்கு முன்னால் மிஷின் வந்து இறங்கிய வீடு என்று அந்தக் குடும்பத்துக்குக் கயத்தாற்றில் பெயர் விழுந்தது. முன்பு கண் தெரியாத காளை கட்டியிருந்த இடத்தில் சிமெண்டுத் தளம் போட்டு லேத்தை நிறுத்தியிருக்கிறார். சாயந்திரம் சாயந்திரம் எண்ணெய்த் துணியால் துடைக்கிறார். கரண்ட் இல்லாத நேரத்தில் அது தானாக ஒரு சுற்றுச் சுற்றினால், "பொறு, அவ வரட்டும்" என்று அதட்டுகிறார் என்று யோகராஜ் சொன்னான். முத்துசெல்வி இப்போது அப்பாவின் பழைய மிஷினில் வேலை பார்க்கிறாள், சுத்தியலுக்குப் பிடி கேட்டு யாரும் வருவதில்லை. யோகராஜ் வேறு எதற்கோ வாரம் தவறாமல் வருகிறான்.

எஞ்சியிருந்தது மும்பை. யோகராஜின் பெரியப்பா கருத்தையா அங்கே இருக்கிறார், நிச்சயத்துக்கு வர முடியவில்லை. போட்டோ அனுப்பியதற்கு அவர் போனிலேயே, "போட்டோவுல இப்ப ஆனையையே பறக்க விடுதானுக. வாழைப்பழத்தை விட மாட்டானா? எழுத்துல அனுப்புங்க. அன்னைக்கு யாரு யாரு இருந்தாவ, யாரு எங்கன உக்காந்திருந்தாவ, எல்லாம் எழுதுங்க. உக்காந்த இடம் சரியா இருந்தா மத்ததை நம்புதேன்" என்று சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு அவர் வந்து முன்னால் நின்றால்தான் ஆறுமுகசாமிக்குத் திருப்தி. அதனால் எழுதுகிற பொறுப்பு மந்திரமூர்த்தியிடம் வந்தது.

அவர் எழுதத் தொடங்கியதும் வழி சொல்ல ஆட்கள் வந்துவிட்டார்கள். லேத்தில் சதுரம் வரும் என்று தனக்கு ஆதியிலேயே தெரியும் என்பதைச் சேர்க்க வேண்டும் என்றார் சுந்தரபாண்டி. "பெயிண்ட் வாளின்னு எழுதாதீங்க அண்ணாச்சி, மும்பையில உள்ளவ என்ன நினைப்பாவ? நாற்காலின்னு போடுங்க" என்றாள் கிருஷ்ணவேணி. நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதில் தான்தான் உட்கார்ந்திருந்தேன் என்று ஆறுமுகசாமி கயத்தாற்றிலிருந்து போன் போட்டுச் சொன்னார். அந்தக் கடைசி ஒரு சீவைச் சொன்னது யார் என்பதை விட்டுவிடலாமா என்று மந்திரமூர்த்தியே ஒரு இரவு யோசித்தார். பக்கத்துக்குப் பக்கம் எல்லோரும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சீவச் சொன்னால் கடிதத்துக்கும் கிண்ணத்தின் கதிதான் ஆகும் என்று தோன்றியது. இருந்தது இருந்தபடியே எழுதினார். வாளி வாளியாகவே இருக்கிறது.

கடிதத்தை மடிக்கும்போது முத்துசெல்வி ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். திறந்து பார்த்தால் காலி. ஆட்டினால் உள்ளே சரசரத்தது. கடைசிச் சீவலில் மூலைகளிலிருந்து விழுந்த சுருள், தரையைக் கையால் தடவித் தடவிப் பொறுக்கியது என்றாள். "பெரியப்பாவுக்குப் போடுங்க மாமா. அவியளும் கையால பாத்துக்கிடட்டும்." மந்திரமூர்த்தி தீப்பெட்டியைக் கவருக்குள் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழுந்தது தெரியவில்லை, கவர் மட்டும் கொஞ்சம் உப்பியது. கோந்து தடவி ஒட்டினார். மேலே முகவரி எழுதி, கீழே அனுப்புநர் எழுதி, இரண்டுக்கும் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்.

போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் இருந்த பெண் கவரைத் தராசில் வைத்துப் பார்த்தாள். "எடை கூடுது. இன்னும் அஞ்சு ரூவா ஸ்டாம்பு ஒட்டணும். உள்ள என்ன இருக்கு?"

"மூலை" என்றார் மந்திரமூர்த்தி.

"உடையுததா?"

"இல்லம்மா, ஏற்கெனவே சீவுனதுதான்."

அவள் ஸ்டாம்பைக் கிழித்துக் கொடுத்தாள். அவர் ஒட்டினார். அவள் அதன் மேல் முத்திரையை ஓங்கிக் குத்தி, மும்பைப் பையில் போட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.